தம்பியிடமே கேட்டார்கள்: மதுரையில் ஒரு வாழ்க்கைத் தர மதிப்பீட்டுச் சேவை

ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட்டுத் தரும் சேவையை, மதுரை அண்ணா நகர்ப் பக்கம் உள்ள ஓர் ஆலோசனை மையம் நடத்திவருகிறது. முப்பது வயதைக் கடந்த என் தம்பிக்காக அதைப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். அவன் விளக்குத்தூண் பகுதியில் உள்ள ஒரு ஜவுளி மொத்தக் கடையில் சரக்குக் கணக்கு எழுதுகிறான்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான மதிப்பீடு வேறு, இது வேறு. சான்றிதழுக்காக நம் நாட்டில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. (ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) என்பதில் 40 கூறுகள் உள்ளன. மதிப்பெண் கூடக் கூட ஆட்டிசத்தின் தீவிரம் கூடுதல் என்று பொருள். உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் அந்த எண் அவசியம்தான். ஆனால் அவன் இரவில் நன்றாகத் தூங்குகிறானா, மனம்விட்டுப் பேச ஒருவராவது இருக்கிறாரா, தன் வாழ்க்கை தனக்குப் பிடித்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. இத்தனை ஆண்டுகளில் எந்த அலுவலகத்திலும் யாரும் அவனிடம் இவற்றைக் கேட்டதில்லை.

இந்த மையம் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. பொதுவான 2 கேள்விகள் போக, மற்றவை உடல்நலம், மனநலம், சமூக உறவுகள், சுற்றுச்சூழல் என்ற 4 பகுதிகளில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் கடந்த 2 வாரங்களை நினைவில் வைத்து 5 விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது, கேள்வித்தாளை என் கையில் கொடுக்காமல் அவன் கையில் கொடுத்ததுதான். குடும்பத்தினர் சொல்லும் பதிலும் அவரவர் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த செய்தி. அதனால் என் கருத்தைத் தனித்தாளில் வாங்கிக்கொண்டு, இரண்டையும் கலக்காமல் வைத்தார்கள். அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள் என்ற கேள்விக்கு, "எந்த இடத்தில்?" என்று தம்பி திருப்பிக் கேட்டான். ஆலோசகர் அவசரப்படுத்தாமல், இடம்வாரியாக ஓரத்தில் எழுதச் சொன்னார். கடையில் மிகவும் பாதுகாப்பு, பெரியார் பேருந்து நிலையத்தில் துளியும் இல்லை என்று எழுதினான். போக்குவரத்து வசதியில் அவனுக்கு நிறைவு இருக்கும் என்று நான் குறித்திருந்தேன். அவனோ மிகக் குறைந்த விடையைத் தேர்ந்தெடுத்திருந்தான். தெப்பக்குளத்திலிருந்து காமராசர் சாலை வழியாக அவன் நாள்தோறும் நடந்தே கடைக்குப் போவதை நடைப்பயிற்சி என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். டவுன் பஸ் நெரிசலையும் ஏர் ஹாரனையும் தாங்க முடியாமல்தான் நடக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கடை முதலாளியிடம் பேசி, கூட்டம் குறைந்த நேரத்தில் அவன் வந்துபோக ஏற்பாடு செய்ய முடிந்தது.

ஒரு குறை எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. சமூக உறவுகள் பகுதியில் இருப்பவையே 3 கேள்விகள்: தனிப்பட்ட உறவுகள், பாலியல் வாழ்க்கை, நண்பர்களின் ஆதரவு. இரண்டாவதை ஆலோசகர் தாமாகவே அடித்துவிட்டு, "இவருக்கு இது வேண்டாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பகுதியின் மூன்றில் ஒரு பங்கு அத்துடன் போயிற்று. முழு வளர்ச்சி பெற்ற ஓர் ஆணைக் குழந்தையாக நடத்தியது அதைவிடப் பெரிய தவறு. அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டிருக்க வேண்டும். பதில் சொல்வதும் மறுப்பதும் அவன் உரிமை.

இன்னொன்று கேள்வித்தாளின் எல்லையைச் சார்ந்தது. ஓசை, வெளிச்சம், வாசனை ஆகியவற்றால் வரும் தொல்லையை இந்த 26 கேள்விகளும் நேராகத் தொடுவதில்லை. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, ஆட்டிசம் உள்ளவர்களிடமே கலந்து உருவாக்கி 2018-இல் வெளியிட்ட 9 கேள்விகள் கொண்ட துணைப் படிவம் இதுபோன்ற குறைகளை நிரப்ப வந்தது. இங்கே அது பயன்பாட்டில் இல்லை. நாங்கள் போனது சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாள்கள். ஒலிபெருக்கிகளுக்கு நடுவே கழிந்த 2 வாரங்களை வைத்துத்தான் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் அவன் மதிப்பெண் இட்டான். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். திருவிழாக் காலத்தைத் தவிர்த்து நாள் கேளுங்கள். பூர்த்தி செய்த தாளின் நகலையும் ஓரக் குறிப்புகளோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மையம் தரும் அறிக்கையில் மதிப்பெண்கள் மட்டுமே இருக்கும். அந்த மதிப்பெண்களையும் பிறருடைய மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், மதிப்பீட்டுக்கு வந்தவரே அடுத்த முறை தரும் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மறுமதிப்பீட்டுக்கு ஆவணி மாதத்தில் ஒரு நாளைத் தம்பியே தேர்ந்தெடுத்திருக்கிறான். விடுபட்ட அந்தக் கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று மையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.