புதுச்சேரியின் புறநகரைச் சுற்றிவர ஒரு வாடகை சைக்கிள்

புதுச்சேரி நகரின் நடுவே உள்ள வாடகை சைக்கிள் கடைகள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையையும் பிரெஞ்சு வீதிகளையும் ஓரிரு மணி நேரம் சுற்றிப் பார்க்க வருவோரை நம்பியே நடக்கின்றன. அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிக்கமேடு, வில்லியனூர், ஊசுட்டேரி, இரும்பை, ஆரோவில் என்று நகரின் வெளிவட்டத்தை ஒரு நாள் முழுவதும் நிதானமாகச் சுற்றிவர முடியுமா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. முடியும். ஏறத்தாழ 45 முதல் 50 கிலோமீட்டர் வரும் இந்தச் சுற்றுக்குச் சைக்கிள் ஈடுகொடுக்கிறது. கடையின் நடைமுறைகள்தான் ஈடுகொடுக்க மறுக்கின்றன.

நான் எடுத்தது கியர் இல்லாத, முன்கூடையும் பின்கேரியரும் உள்ள சாதாரண சைக்கிள். நிலம் பெரும்பாலும் சமதளம் என்பதால் கியர் இல்லாதது குறையாகத் தெரியவில்லை. சீட்டின் உயரம்தான் உண்மையான சிக்கல். கடையில் எல்லாச் சீட்டுகளையும் தாழ்வாகவே இறக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியே மிதித்தால் ஊசுட்டேரியை எட்டுவதற்குள் முழங்கால் வலியெடுத்துவிடும். ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, பெடல் கீழே வரும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீளும் அளவுக்குச் சீட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "காத்து இருக்கு சார்" என்று கடைக்காரர் சொன்னாலும், பம்பை எடுத்து இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லுங்கள். பின்பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அந்தச் சைக்கிளை எடுக்கவே வேண்டாம். ஏன் என்பது ஆரோவிலிலிருந்து திரும்பும் வழியிலுள்ள குயிலாப்பாளையம் இறக்கத்தில் புரியும்.

நாள் வாடகை 100 ரூபாய், முன்பணம் 500 ரூபாய் என்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அசல் அடையாள அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் சரியல்ல. வெளியூரிலிருந்து வருபவர் நாள் முழுவதும் கையில் ஒன்றுமில்லாமல் அலைய நேரிடுகிறது. வழியில் பஞ்சரானால் செலவு நம்முடையது என்பதும் விதி. அதைவிடப் பெரிய இடையூறு, காலை ஒன்பது மணிக்கு முன் கடை திறப்பதில்லை என்பது. வெயில் ஏறிய பிறகு கிளம்புவதில் பொருளில்லை என்பதால், கூடுதல் வாடகையைப் பார்க்காமல் முதல் நாள் மாலையே சைக்கிளை எடுத்து வைத்துக்கொண்டு, விடியும்போதே கடலூர் சாலையைக் கடந்துவிடுவது நல்லது. பேருந்துகள் நெருக்கும் அந்தச் சாலைதான் இந்த வழியிலேயே இன்பமில்லாத பகுதி.

அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில், 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய மட்கலங்களைக் கண்டெடுத்த இடத்தில், இன்று கண்ணில் படுவது தோப்பும் பழைய பிரெஞ்சுக் கட்டடமொன்றின் இடிந்த செங்கற்சுவர்களும் மட்டுமே. வரலாற்றைப் படித்துவிட்டு வருபவருக்கே அது பேசும். மற்றவர்கள் ஆற்றங்கரை நிழலோடு நிறைவடைய வேண்டியதுதான். அங்கிருந்து முருங்கப்பாக்கம் திரும்பி, கொம்பாக்கம், ஒதியம்பட்டு வழியாக வில்லியனூர் சென்றால் திருக்காமீசுவரர் கோயில். காலைச் சிற்றுண்டியையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

என் கணக்கில் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி ஊசுட்டேரிதான். புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏரியை இரு அரசுகளும் தனித்தனியே பறவைகள் சரணாலயமாக அறிவித்துள்ளன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலம். வெயிலும் தணிந்திருப்பதால் சைக்கிளுக்கும் அதுவே ஏற்ற பருவம். காரில் வருபவர்கள் படமெடுத்துவிட்டுப் போய்விடும் கரையில், சைக்கிள்காரர் நினைத்த இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிற்கலாம்.

திண்டிவனம் நெடுஞ்சாலையைக் கடந்ததும் இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலில், கடுவெளிச் சித்தரின் சொல்லால் மூன்றாகப் பிளந்ததாகச் சொல்லப்படும் லிங்கத்தைச் செப்புத் தகடு கொண்டு பிணைத்திருக்கிறார்கள். நண்பகலுக்குள் வந்துவிட வேண்டும். பிந்தினால் நடை சாத்திவிடுவார்கள். அதன்பின் செம்மண் மேட்டில் ஏற்றம் தொடங்குகிறது. மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆரோவில் பார்வையாளர் மையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, அனுமதிச் சீட்டு பெற்று மரநிழலில் நடந்தால், ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரி மந்திரை வெளியிலிருந்து காணும் இடத்தை அடையலாம். உள்ளே செல்ல முன்பதிவு வேண்டும்.

இந்த வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றுவோரும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆரோவிலைக் கடைசியில் வைத்தால்தான், களைத்த கால்களுக்குக் குயிலாப்பாளையத்திலிருந்து பெரியமுதலியார்சாவடி வரையிலான இறக்கம் கிடைக்கும். பிற்பகலில் கடற்காற்று எதிரே வீசினாலும் இறக்கம் அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். வாடகை சைக்கிள்களில் விளக்கு இல்லை என்பதால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்தை இருட்டுவதற்கு முன் தாண்டிவிட வேண்டும். கடை மூடும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் பிந்தினாலும் மறுநாள் வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.