மெகலோடானா, வெள்ளைச் சுறாவா? பல்லின் பின்பக்கம் சொல்லும்

உள்ளங்கையை நிறைக்கும் முக்கோணப் புதைபடிவப் பல் கிடைத்தால் பெரிய குழப்பமில்லை. அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானின் பல் 18 செ.மீ. வரை போகும், பெரிய வெள்ளைச் சுறாவின் பல் 7 செ.மீ. தாண்டுவதே அபூர்வம். தகராறு 4, 5 செ.மீ. பற்களில்தான். மெகலோடானுக்கும் குட்டிகள் உண்டு, வாயின் ஓரத்தில் சின்னப் பற்களும் உண்டு. ஆக, அளவுகோலை எடுத்து வைத்துவிடலாம்.

பலரும் முதலில் விளிம்பைப் பார்ப்பார்கள். மெகலோடானின் விளிம்பில் ரம்பம் போன்ற பொடிக்கூர்கள் நெருக்கமாக, ஒரே சீராக ஓடும். வெள்ளைச் சுறாவுக்கு அவை பெரியவை, ஒழுங்கில்லாதவை. நல்ல அடையாளம்தான், ஆனால் அலையில் உருண்ட பல்லில் முதலில் மழுங்குவதும் இதுதான்.

அதனால் நான் நம்புவது பின்பக்கத்தை. பல்லைத் திருப்பி, நாக்கைப் பார்த்திருந்த உப்பலான பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வேரும் பளபளப்பான எனாமலும் சேரும் இடத்தில், 'வி' வடிவில் அகலமான மங்கல் பட்டை இருந்தால் மெகலோடான் வம்சம். வெள்ளைச் சுறாவில் அப்படி எடுப்பான பட்டை கிடையாது. சில பற்களில் பட்டை உதிர்ந்து போயிருக்கும்; அப்போதும் அதே வடிவத்தில் தடம் தெரியும். கூடவே தடிமனையும் பாருங்கள்: மெகலோடானின் பல் கனத்தது, வேர் பருத்தது. வெள்ளைச் சுறாவுடையது தட்டை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுப்போ பழுப்போ, அது பல் புதைந்த மண்ணின் தாதுக்கள் கொடுத்தது, இனத்தைச் சொல்லாது.

மூன்றாவது போட்டியாளர் ஹஸ்டாலிஸ் என்ற அழிந்துபோன சுறா. உருவத்தில் அப்படியே வெள்ளைச் சுறாவின் பல், விளிம்பு மட்டும் கத்திபோல வழவழப்பு. தேய்ந்த வெள்ளைச் சுறாப் பல்லையும் இதையும் பிரிப்பது சிரமம். லென்ஸ் வைத்து வேருக்கு அருகே தேடுங்கள், அங்கே ஒன்றிரண்டு கூர்கள் தப்பியிருக்கலாம். பெருவின் பிஸ்கோ பாறைகளில் கிடைத்த ஹபெல்லி என்ற சுறாவின் பற்களில் கூர்கள் அரைகுறையாக இருக்கும். ஹஸ்டாலிஸிலிருந்து இன்றைய வெள்ளைச் சுறா வந்த வழியில் அது இடைப்பட்ட நிலை. 2012-இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. மெகலோடானையே ஒரு காலத்தில் வெள்ளைச் சுறாவின் பேரினத்தில் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், நாம் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பட்டை இருக்கிறது, கூரும் இருக்கிறது. அப்புறமும் அவசரப்பட்டு மெகலோடான் என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு முந்தைய சுறாவான சுபுடென்சிஸின் பல்லில் அடிப்பகுதியின் இருபுறமும் சிறு பக்கக் கூர்முனை ஒட்டியிருக்கும். ஆனால் மெகலோடான் குட்டிகளுக்கும் சிலசமயம் அது இருந்ததுண்டு. எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத சின்னப் பல்லுக்கு 'ஓடோடஸ்' என்று, இரண்டுக்கும் பொதுவான பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.