காளான் ஈக்குப் பெயர் வைக்க: போனா, கேமராவா, மைக்ராஸ்கோப்பா?

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் காபி நாற்றுப் பைகளைத் தொட்டாலே பொடிப்பொடியாகக் கறுப்பு ஈக்கள் கிளம்பும். கொசு என்று கையை வீசுகிறவர்கள்தான் அதிகம். இது காளான் ஈ, கடிக்காது. இதன் புழு ஈர மண்ணில் பூஞ்சையையும் அழுகலையும் தின்று வளரும். சில இனங்கள் இளம் வேரையும் விடுவதில்லை. கீழே சேலம் பக்கம் சிப்பிக்காளான் போடுகிறவர்களுக்கு இதே குடும்பம் சியாரிட் ஈ என்று நன்றாகவே பழக்கம். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே இனமா? போட்டோவை வைத்துச் சொல்லலாமா? எதை வைத்து எடுத்தீர்கள், ஈயின் எந்தப் பக்கத்தை எடுத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது பதில்.

போனை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சில நூறு ரூபாய் கிளிப் லென்ஸை மாட்டினால், காளான் ஈ அல்லாதவற்றைக் கழித்துவிடலாம். குளியலறைச் சுவரில் ரோமம் மண்டிய இறக்கையோடு உட்கார்ந்திருப்பது சாக்கடை ஈ. வாழைப்பழத்தை மொய்க்கிற சிவப்புக் கண்காரர் பழ ஈ. அதிகம் ஏமாற்றுவது பாசி படிந்த நாற்றுத் தட்டில் திரியும் கரை ஈ. அளவும் நிறமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் உணர்கொம்பு குட்டை, இறக்கையில் வெளிர் புள்ளிகள். காளான் ஈக்கு உணர்கொம்பும் கால்களும் நீளம், உடம்பு ஒல்லி. மண்ணின் மேல் பச்சை உருளைக்கிழங்குத் துண்டை வைத்தால் அடியில் புழு வந்து சேரும். கண்ணாடி போன்ற உடம்பில் பளபளக்கும் கறுப்புத் தலை இருந்தால் காளான் ஈ. கரை ஈயின் புழுவுக்கு அப்படித் தனியாகத் தலை தெரியாது.

ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்றால் இறக்கையை எடுங்கள். ஈயைச் சின்னக் குப்பியில் பிடித்துச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாமல் கிடக்கும். வெள்ளைத் தாளில் கொட்டி, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பில் நரம்புகள் தடித்துக் கறுத்திருக்கும். நடுவில் மெல்லிய நரம்பு ஒன்று காம்பாக வந்து இரண்டாகப் பிரியும், உண்டிவில்லின் கவட்டை மாதிரியே. அப்புறம் முகம். கூட்டுக்கண்கள் இரண்டும் உணர்கொம்புக்கு மேலே மெல்லிய பாலமாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கவட்டையும் பாலமும் சேர்ந்து இருந்தால் சியாரிடே குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம். பாலம் இல்லாமல், முதுகு கூன்போட்டு, காலில் பெரிய முட்களோடு இருந்தால் காளான் ஈக்களின் இன்னொரு குடும்பமான மைசெட்டோஃபிலிடே பக்கம் தேட வேண்டும். அவற்றைப் பார்க்க நாற்றங்காலை விட, காளான் பூத்த பட்டுப்போன மரக்கட்டைகளின் பக்கம் போவது மேல்.

இனி கேமரா. லட்சத்தை நெருங்கும் செலவு. படம் அழகாக வரும், சந்தேகமே இல்லை. ஆனால் 1:1 மேக்ரோ லென்ஸில் 3 மில்லிமீட்டர் ஈ சென்சாரிலும் 3 மில்லிமீட்டர்தான். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சியாரிட் குடும்பத்தில் பிராடிசியா என்ற பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் கூட்டம்) முன்னங்காலில், பாதம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, சீப்புப் பல்போல ஒரு வரிசை மயிர் உண்டு. அதைப் பிடிக்க இந்தப் பெருக்கம் போதாது. மலையில் சில்வர் ஓக் நிழல் வேறு. ஃபிளாஷ் இல்லாமல் நடக்காது, மூடுபனி இறங்கினால் லென்ஸைத் துடைத்தே பொழுது போய்விடும். இத்தனைக்கும் பிறகு போன் படத்தைவிட ஒரு படிதான் மேலே ஏறியிருப்பீர்கள்.

என் ஓட்டு மைக்ராஸ்கோப்புக்கு. மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண வகை, பழையது கிடைத்தாலும் போதும். இந்தக் குடும்பத்தில் இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆண் ஈயின் வயிற்று நுனியில் இருக்கும் இடுக்கி உறுப்பு. அதன் வடிவம், உள்பக்க முட்கள், முள் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் பார்க்க வேண்டும். உயிரோடு இலைமேல் உட்கார்ந்திருக்கும் ஈயில் இது எந்த லென்ஸுக்கும் சரியாகத் தெரியாது. ஈயை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, வயிற்று நுனியை நறுக்கி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துத் தெளிய வைக்க வேண்டும் (கையுறை அவசியம், தோலை அரிக்கும்). பிறகு ஒரு சொட்டு கிளிசரின், கண்ணாடித் தகடு, அவ்வளவுதான். படம் எடுக்க அதே போன் போதும், கண்ணருகு வில்லையில் ஒட்டிப் பிடித்தால் சரி. தொல்லை என்னவென்றால் பெண் ஈ மட்டும் சிக்கினால் பல சமயம் பேரினத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே ஜன்னல் விளிம்பில் செத்துக் கிடப்பதையெல்லாம் பெருக்கித் தள்ளாமல் பொறுக்கி வையுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையில் சிக்கியது எண்ணிக்கை பார்க்கத்தான் உதவும்; பசையில் இறக்கையும் காலும் நாசமாகியிருக்கும்.

போன் செயலிகள் நொடியில் ஒரு பெயரை நீட்டும். குடும்பம் வரைக்கும் ஓரளவு நம்பலாம். பிராடிசியா இம்பேஷியன்ஸ் என்று இனப்பெயரோடு வந்தால், பசுமைக்குடில்களில் பேர்போன இனம் என்பதற்காக ஏற்றுக்கொள்ளக் கூடாது. டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் சில ஈக்களைத் தனியாக 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்.

நாற்றைக் காப்பாற்றுவது மட்டும்தான் கவலை என்றால் இத்தனையும் தேவையில்லை. சியாரிட் என்று தெரிந்ததும் தண்ணீரைக் குறைத்து மேல்மண்ணைக் காயவிடலாம். ஏற்காட்டு ஈயும் சேலத்துக் காளான் கொட்டகை ஈயும் ஒன்றா என்று தெரிந்தே ஆக வேண்டுமானால், இரண்டு இடத்திலும் ஆண் ஈக்களைப் பிடித்து, இடமும் தேதியும் எழுதிய தனித்தனிக் குப்பிகளில் போட்டு, இடுக்கி உறுப்பை ஒரே பெருக்கத்தில் படமெடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்.