பூவா தலையா: அம்மா ஃபாஸ்டினா, மகள் ஃபாஸ்டினா

ரோமானியப் பொற்காசில் 'ஃபாஸ்டினா' என்று பெயர் இருந்தால், அது அம்மாவா மகளா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அம்மா, பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி. மகள், அடுத்து வந்த மார்க்கஸ் அரேலியஸின் மனைவி. இருவர் காசும் ஏறக்குறைய 7.2 கிராம்தான். ஆகவே யார் காசு மேல் என்று தங்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

தலைப் பக்கத்தில் என் ஓட்டு அம்மாவுக்கு. பின்னலைச் சுற்றிச் சுற்றி உச்சியில் கிரீடம்போல ஏற்றிவைத்த கொண்டை. தேய்ந்த காசிலும் அடையாளம் தெரியும். கி.பி. 140இல் அவர் இறந்ததும் தெய்வமாக அறிவித்தார்கள். கணவர் 161 வரை இருந்தார். மனைவி பெயரில் காசு அடிப்பதை விடவில்லை. அதனால்தான் அம்மாவின் காசுகளில் பெரும்பாலானவற்றில் 'திவா', அதாவது தெய்வமானவள், என்ற சொல் இருக்கிறது. மகளுக்கு அலை அலையான கூந்தல், பிடரியில் கொண்டை. அழகுதான், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அலங்காரம் மாறுவதால் புதிதாகப் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

பூப் பக்கம் திருப்பினால் கதை மாறுகிறது. அம்மாவுக்கு நித்தியத்தின் உருவான ஏட்டெர்னிட்டாஸ், தானியத் தெய்வம் செரெஸ் என்று எல்லாம் கம்பீரம், கொஞ்சம் அலுப்பு. விதிவிலக்கு ஒன்று: அவர் நினைவாக ஏழைச் சிறுமிகளுக்குக் கணவர் ஏற்படுத்திய உதவித் திட்டத்தைக் காட்டும் காசு. அது அபூர்வம். மகளின் காசிலோ ஆப்பிள் ஏந்திய காதல் தெய்வம் வீனஸ், தெய்வங்களின் அரசி ஜூனோ, ஒரு புறா என வகைவகையாக வருகின்றன. பலிபீடத்தில் சுற்றிய பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டும் ஆரோக்கியத் தெய்வம் சாலஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் என்பதால் கருவளத் தெய்வமும் உண்டு.

புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் இருவரையும் தேட வேண்டாம். அந்தப் புதையல் இவர்களுக்கு முன்பே ஆண்ட பேரரசர் வெஸ்பாசியன் காலத்தோடு முடிகிறது. தென்னிந்தியாவில் நிறையக் கிடைத்த பேரரசர் திபேரியஸின் காசுகளில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவரது தாய் லிவியா என்பார்கள், ஆனால் பெயர் பொறிக்கவில்லை. ஃபாஸ்டினாக்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

சரி, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால்? மகளின் சாலஸ் காசு. தலையில் தோற்றாலும் அந்தப் பாம்பை விட மனமில்லை.