45 நாளில் ஸ்கோர் ஏறும் என்றார்கள்: விவாகரத்துக்குப் பின் நான் ஏமாந்த கதை

விவாகரத்து முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து, வேலைக்குப் போய்வர ஒரு பழைய வண்டி வாங்கலாம் என்று சின்னதாக ஒரு லோன் கேட்டுப் போனேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது, என் கிரெடிட் கார்டில் ஒன்பது வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, எளிதாகக் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். லோன் பிரிவில் இருந்த பெண் என் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது என் கடன்களின் பதிவை, திறந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, மானிட்டரை என் பக்கம் திருப்பினார்.

"உங்க பேர்ல ஒரு கார் லோன் நாலு மாசமா நிலுவையில இருக்கே மேடம்?"

அந்தக் கார் என்னிடம் இல்லை. முன்னாள் கணவர்தான் ஓட்டுகிறார். கார் அவருக்கு, அதன் கடனும் அவருக்கு என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் வாங்கும்போது இருவர் சம்பளத்தையும் காட்டினால்தான் அந்தத் தொகை கிடைக்கும் என்று நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை மறந்தே போய்விட்டேன். நோட்டீஸ் எல்லாம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. போனில் இருந்த தீர்ப்பு நகலை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை. "இது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மேடம். லோன் அக்ரிமென்ட்ல ரெண்டு கையெழுத்து இருக்கு. லோன் கொடுத்தவங்க உங்களையும்தான் கேப்பாங்க."

இதை யாராவது விவாகரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வக்கீல்கூடச் சொல்லவில்லை. கேட்காதது என் தப்பு என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "45 நாளில் உங்கள் கிரெடிட் ஸ்கோரை மீட்டுத் தருகிறோம். உத்தரவாதம்." கிரெடிட் ஸ்கோர் என்பது, கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண். விளம்பரம் பெயர், போன் நம்பர் இரண்டு மட்டும் கேட்டது. கொடுத்தேன். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது.

பேசியவர் முதலில் மேடம் என்றார், ஐந்தாவது நிமிஷம் சிஸ்டர் என்றார், பணம் அனுப்புகிற நேரத்தில் அக்கா ஆகிவிட்டேன். நான் சொல்வதற்கு முன்பே, "டைவர்ஸ் கேஸா சிஸ்டர்? எங்ககிட்ட பாதி கேஸ் அதுதான். ஹஸ்பண்டு கட்டாம விட்டிருப்பார், நீங்க மாட்டிக்கிட்டிருப்பீங்க" என்றார். ஒரு வருஷமாக யாரும் என்னிடம் அவ்வளவு பரிவாகப் பேசியதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்ன திட்டம் இது. கார் லோனின் நிலுவைப் பதிவு, நானும் முன்னாள் கணவரும் சேர்ந்து எடுத்த பர்சனல் லோன், ஜாயின்ட் கார்டு, எல்லாவற்றையும் ரிப்போர்ட்டிலிருந்து "தூக்கிவிடலாம்". கிரெடிட் பீரோவுக்குள், அதாவது இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குள், அவர்களுக்கு ஆள் இருக்கிறது. கட்டணம் முழுவதும் முன்பணம். என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். 14 பக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது, போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, ரிப்போர்ட் பார்க்கும் கணக்கின் பாஸ்வேர்டு, அப்புறம் அவ்வப்போது வரும் ஓடிபி. ஒரு நிபந்தனையும் போட்டார்: "இனிமே லோன் கம்பெனிகிட்ட நீங்க நேரா பேசக் கூடாதுக்கா. எல்லாம் எங்க மூலமாதான்." அந்த வார்த்தையிலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும்.

முதல் மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கார் லோன் பதிவின் பக்கத்தில் ஏதோ ஒரு குறி, ஸ்கோர் 20 புள்ளி கூடியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடந்தது என்ன என்பது பின்னால்தான் புரிந்தது. என் ரிப்போர்ட்டில் இருந்த எல்லாப் பதிவுகளையும், சரியானது தப்பானது என்று பார்க்காமல், "இது என்னுடையது இல்லை" என்று மறுத்துப் புகார் அனுப்பியிருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருக்கும் வரை அந்தப் பதிவுகள் ஒதுங்கி நின்றன. லோன் கொடுத்தவர்கள் "கையெழுத்து இருக்கிறது, கடன் உண்மைதான்" என்று உறுதி செய்ததும் எல்லாம் திரும்பி வந்தன. 20 புள்ளியும் போனது. உண்மையான பதிவை யாராலும் நிரந்தரமாக அழிக்க முடியாது. உள்ளே ஆள் இருக்கிறது என்பதெல்லாம் கதை.

இரண்டாவது மாதம்தான் பெரிய சேதம். என் சொந்தக் கார்டுக்கும் பணம் கட்டுவதை நிறுத்தச் சொன்னார். "கட்டாம விட்டாதான்க்கா அவங்க இறங்கி வருவாங்க, பாதிக்கு முடிச்சிடலாம்." என் பேரில் சுத்தமாக இருந்த ஒரே கணக்கு அதுதான். இரண்டு மாதம் கட்டவில்லை. ஸ்கோரைக் கணக்கிடும்போது எல்லாவற்றையும்விட அதிக எடை பெறுவது தவறாமல் கட்டிய வரலாறுதான். அமெரிக்காவில் புழங்கும் ஃபைகோ ஸ்கோரில் அதற்கு மட்டும் 35 சதவீதம், கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்பது போன்ற நிலுவைக் கணக்குக்கு 30 சதவீதம். ஒன்பது வருஷம் சேர்த்ததை ஒரு ஆள் போனில் சொன்னதைக் கேட்டு நானே உடைத்தேன். இதில் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

ஜாயின்ட் கார்டை அவர்கள் "செட்டில்மென்ட்" செய்தார்கள். பாக்கியில் ஒரு பகுதியை நான் மொத்தமாகக் கட்டினேன், மீதி தள்ளுபடி. கேட்க இனிக்கிறது. ஆனால் அப்படி முடித்த கணக்கு ரிப்போர்ட்டில் "முழுவதும் கட்டி மூடப்பட்டது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அடுத்து லோன் கொடுப்பவர் அதைப் பார்த்தால், இவர் முழுசாகக் கட்டவில்லை என்றுதான் படிப்பார். சில நாடுகளில் தள்ளுபடியான தொகையை வருமானமாக எடுத்துக்கொண்டு வரிகூடக் கேட்பார்கள். வேறு வழியே இல்லாதவருக்கு செட்டில்மென்ட் ஒரு வழிதான், மறுக்கவில்லை. என்னால் ஆறு மாதத்தில் முழுதும் கட்டியிருக்க முடியும். அதை அவர் கேட்கவே இல்லை.

இதற்கு நடுவில், "புதுக் கணக்கு இருந்தா ஸ்கோர் ஏறும்" என்று ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் என் பேரில் கார்டுக்கு விண்ணப்பம். ஐந்தும் நிராகரிப்பு. ஐந்தும் ரிப்போர்ட்டின் "விசாரணைகள்" பகுதியில், அதாவது யார் யார் அதைப் பார்த்தார்கள் என்ற பட்டியலில், வரிசையாக நிற்கின்றன. நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. நாம் கடன் கேட்டு, அதற்காகக் கடன் கொடுப்பவர் பார்த்தால்தான் குறையும். மொத்தம் 92 புள்ளி இறங்கியிருந்தது, அதாவது நான் அவர்களிடம் போனபோது இருந்ததைவிட.

எப்படி விழித்தேன் என்று சொல்கிறேன். என் பெயரில் அனுப்பிய கடிதங்களின் நகலைக் கேட்டேன். மூன்று முறை கேட்ட பிறகு ஒன்றை அனுப்பினார்கள். கீழே என் கையெழுத்தின் படம். மேலே என் பெயர், முகவரி. நான்காவது பத்தியில் இப்படி இருந்தது: "எனது மனைவி எனக்குத் தெரியாமல் பெற்ற இந்தக் கடனுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை." மனைவி! யாரோ ஒருவருக்காக எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதைவிட, அது பச்சைப் பொய். அந்தக் கடன் எனக்குத் தெரியும், நானும் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில், என் கையெழுத்தோடு, ஒரு நிதி நிறுவனத்துக்குப் பொய் எழுதப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் சிரித்தேன், அப்புறம் வயிற்றைக் கலக்கியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "உத்தரவாதம்னா முயற்சிக்குத்தான் மேடம், ரிசல்ட்டுக்கு இல்ல" என்றார். மறுபடி மேடம் ஆகிவிட்டேன். ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவில், ஃபைல் திறந்த பிறகு பணம் திரும்பாது என்று இருந்தது. அடுத்த வாரம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

இனி நானே செய்தது. முதலில் கிடைக்கும் எல்லா பீரோக்களிலிருந்தும் ரிப்போர்ட்டை எடுத்தேன், இலவசமாக. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது, அதனால் எல்லாம் வேண்டும். ஒரு நோட்டில் மூன்றாகப் பிரித்து எழுதினேன்: என் பெயரில் மட்டும் உள்ளது, சேர்ந்து எடுத்தது, நான் ஜாமீன் போட்டது. எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது, என் கார்டில் முன்னாள் கணவரின் ஆட்-ஆன் கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் தேய்த்தால் நான் கட்ட வேண்டும். நல்லவேளை, அவர் அதைத் தொடவில்லை. ஒரே போனில் அதை மூடினேன். விவாகரத்துப் பேச்சு தொடங்கிய அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை.

அப்புறம் கார் லோன் கொடுத்த நிறுவனத்துக்கே நேரில் போனேன். அங்கே யாரும் கடிக்கவில்லை. விவரத்தைச் சொன்னதும் இரண்டு வழி சொன்னார்கள்: முன்னாள் கணவர் தன் வருமானத்தை மட்டும் காட்டி புதுக் கடனாக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காரை விற்றுக் கடனை முடிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு மாதமும் என் ரிப்போர்ட்டில் அடி விழும். அதனால் நிலுவையை நானே கட்டினேன். கட்டும்போது கை கூசியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்ப்பு உதவுவது அங்கேதான்: லோன்காரரைத் தடுக்க அது உதவாது, முன்னாள் கணவருக்காக நான் கட்டியதை அவரிடமிருந்து வாங்க உதவும். ரசீதுகளோடு வக்கீல் மூலம் கோர்ட்டுக்குப் போகிறோம் என்று நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் கார் விற்பனைக்கு வந்தது.

ரிப்போர்ட்டில் உண்மையிலேயே தப்பாக இருந்தது ஒன்றே ஒன்று. முழுசாகக் கட்டி முடித்த அந்தப் பர்சனல் லோன் இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டியது. பாக்கி எதுவும் இல்லை என்று லோன் கொடுத்தவர் தரும் நோ டியூ சர்டிபிகேட்டை இணைத்து நானே புகார் போட்டேன். ஒரு மாதத்துக்குள் சரியானது. செலவு ஒன்றுமில்லை. அந்தக் கூட்டம் நான்கு மாதத்தில் செய்யாத வேலை.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அங்குள்ள விதியைப் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் (கிரெடிட் பீரோக்கள்) வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். திருத்தம் கேட்டு 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டப்படி என்னை ஏமாற்றியது மாதிரி ஸ்கோரை மீட்டுத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் வேலையை முடிக்காமல் பணம் வாங்கவே கூடாது, ஒப்பந்தம் போட்ட மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். பிரிட்டனில் கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் இருவர் பதிவுகளும் இணைக்கப்பட்டிருக்கும். கூட்டுக் கணக்குகளை எல்லாம் மூடிய பிறகு, அந்த இணைப்பைத் துண்டிக்கும்படி பீரோவிடம் நாமாகக் கேட்க வேண்டும், விவாகரத்தானால் தானாக அறுந்துவிடாது.

இப்போது என்னிடம் டெபாசிட்டின் பேரில் கொடுக்கும் கார்டு ஒன்று இருக்கிறது. போன் பில் ஒன்றை மட்டும் அதில் கட்டுகிறேன், ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே அடைத்துவிடுகிறேன். இழந்த 92 புள்ளியில் 61 புள்ளி 14 மாதத்தில் திரும்பியிருக்கிறது. கார் லோனின் தாமதக் குறிகளும் "செட்டில்டு" என்ற சொல்லும் இன்னும் சில வருஷம் அப்படியேதான் இருக்கும். வண்டி வாங்கவில்லை, பஸ்தான்.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், நடக்கிறது. பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டேன். ஆனால் என் அடையாள அட்டை நகலும் கையெழுத்தின் படமும் அவர்களிடம்தான் இருக்கின்றன, அதைத் திருப்பி வாங்க முடியாது. அதனால் மாதம் ஒருமுறை ரிப்போர்ட்டைத் திறந்து "விசாரணைகள்" பகுதியைப் பார்க்கிறேன். போன மாதம் நான் கேள்விப்பட்டே இராத ஒரு கடன் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.