ஃபெரெட் குட்டி வாங்கும்முன் கூண்டுத் தட்டைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் மிளகு என்ற ஐந்து வயது ஃபெரெட் (கீரி மாதிரி நீளமான சிறு வளர்ப்புப் பிராணி) ஏற்கெனவே இருந்தது. அதற்குத் துணையாக கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு பிராணிக் கடையில் குட்டி ஃபெரெட் ஒன்றை வாங்கினோம். பெயர் சீனி. 14 நாள் உத்தரவாதச் சீட்டும் கொடுத்தார்கள்.

கடையில் குட்டி இருந்த கூண்டுக்கு அடியில், கழிவு விழும் தட்டில் பச்சையாகச் சளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "சாப்பாடு மாறியிருக்கு, இரண்டு நாளில் சரியாயிடும்" என்றார் கடைக்காரர். கையோடு ஒரு மால்ட் (முளைதானியச் சாறு) பசை ட்யூபையும் என் தலையில் கட்டினார். அதில் பாதிக்குப் பாதி பாகுதான். இறைச்சி மட்டுமே தின்னும் பிராணிக்கு அது எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் சீனி துள்ளிக்கொண்டிருந்தது, மிளகு படுத்துவிட்டது. பச்சைப்பசேலென்று, கொழகொழவென்று கழிச்சல். ஃபெரெட்டின் குடல் மிகவும் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கழிச்சல் கண்டால் ஒரே நாளில் உடம்பில் நீர் வற்றிவிடும்.

பக்கத்துக் கிளினிக்கில் போனில் "ஃபெரெட்டும் பார்ப்போம்" என்றார்கள். பார்த்தார்கள், 95 டாலர் வாங்கினார்கள், நாய்க்குச் சொல்வது போல "ராத்திரி முழுக்கப் பட்டினி போடுங்கள்" என்று அனுப்பினார்கள். மிளகு மாதிரி வயதான ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி வருவது சகஜம். பட்டினி போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். விடிகாலை மூன்று மணிக்கு மிளகு பின்னங்காலை இழுத்தபடி, எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டிருந்தது. ஈறில் தேன் தடவினேன். பத்து நிமிடம் கழித்துத்தான் தலை தூக்கியது.

காலையில் தேடிப்பிடித்த எக்ஸாட்டிக் டாக்டர் (நாய், பூனை அல்லாத வளர்ப்புப் பிராணிகளைப் பார்ப்பவர்) தட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: ஃபெரெட்டுகளுக்கு வரும் ஒரு கொரோனா வைரஸ். நமக்கு வந்த கொரோனா இல்லை, இது 1993இலேயே அமெரிக்காவில் தெரியவந்தது. குட்டிகள் பெரும்பாலும் லேசாகத் தாங்கிக்கொண்டு பரப்பிவிடும், மூத்தவைதான் மாட்டிக்கொள்ளும். தோலுக்கடியில் திரவம், நான்கு மணி நேரத்துக்கொரு முறை சிரிஞ்சில் கோழிக்கூழ் என்று ஆறு வாரம் ஓடியது. பச்சை நின்ற பிறகும் தட்டில் தினை சிந்தினது போல மணிமணியாகவே போனது. குடல் இன்னும் ஆறவில்லை, தின்றது செரிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

புதுக்குட்டியை முதல் சில வாரங்களாவது தனி அறையில் வையுங்கள். ஒன்றைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடாதீர்கள். கிளினிக்கில் "ஃபெரெட் பார்ப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், மாதத்துக்கு எத்தனை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. நூல் மாதிரி மெலிந்து போனால் ரப்பர் துண்டு ஏதாவது அடைத்திருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

840 டாலர் பில்லோடு கடைக்குப் போனேன். உத்தரவாதம், வாங்கிய குட்டிக்கு மட்டும்தானாம், அதுவும் செத்தால்தானாம். நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அதே கூண்டில் மூன்று புதுக் குட்டிகள் உருண்டு விளையாடின. தட்டில் அதே பச்சை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கடைப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான், சாப்பாடு மாறியிருக்கிறது என்று.