புஷ்பேக் பணிக்கான கம்பியில்லா ஹெட்செட்: ஒரு மதிப்பீடு

விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளும்போது காக்பிட்டுடன் பேசும் தரைப் பணியாளர், முன் சக்கரத்தின் அருகிலுள்ள ஜாக்கில் ஹெட்செட் கம்பியைச் செருகிக்கொண்டு, நகரும் விமானத்தோடு கூடவே நடப்பதுதான் நெடுங்கால வழக்கம். கம்பியின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், இழுவை வண்டியும் அதை விமானத்தோடு இணைக்கும் தண்டான டோ பாரும் முன் சக்கரமும் சேரும் பகுதியை விட்டு அவரால் அதிகம் விலக முடியாது. வண்டி திரும்பும்போது டோ பார் பக்கவாட்டில் வீசி வருவதும் அங்கேதான். அந்த இடத்தில் கால் இடறி, முன் சக்கரத்தில் சிக்கி இறந்தவர்களைப் பற்றிய விபத்து விசாரணை அறிக்கைகள் உண்டு. டெக்ட் (வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிகளில் உள்ள ரேடியோ தொழில்நுட்பம்) வகைக் கம்பியில்லா ஹெட்செட்டின் முதல் பயன், பேசுபவரை அந்த இடத்திலிருந்து விலக்கி நிறுத்துவதே. அந்த வேலையை அது குறையின்றிச் செய்கிறது.

விமானத்தின் ஜாக்கில் செருகும் ஓர் இணைப்புப் பெட்டி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு சிறு பெட்டி, ஹெட்செட் ஆகியவை சேர்ந்ததுதான் இந்தத் தொகுப்பு. கூடுதல் இடுப்புப் பெட்டிகள் இருந்தால் இழுவை வண்டி ஓட்டுநரும், இறக்கை முனைகளைக் கவனிக்கும் பணியாளர்களும் ஒரே உரையாடலில் சேரலாம். விமானி "பிரேக் ரிலீஸ்டு" என்று சொல்வதை ஓட்டுநர் தம் காதாலேயே கேட்பதும், இறக்கை முனையில் நிற்பவர் "ஸ்டாப்" என்று சொன்னவுடன் நடுவில் யாரும் கைச்சைகையால் கடத்தாமல் வண்டி நிற்பதும் சிறிய மாற்றங்கள் அல்ல.

ஒலித்தரம் திருப்தி அளிக்கிறது. புஷ்பேக்கின்போதே என்ஜின் இயக்கப்படுவது வழக்கம் என்பதால், 120 டெசிபெல் அளவிலான இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சு தெளிவாகப் போக வேண்டும். ஆனால் மைக் உதட்டைத் தொடும் அளவுக்கு இருந்தால்தான் அதன் இரைச்சல் நீக்கம் வேலை செய்யும். முகவாய்க்குக் கீழே தொங்கவிட்டுப் பேசிவிட்டுக் கருவியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

என் முதன்மையான ஆட்சேபம் மௌனத்தைப் பற்றியது. கம்பி ஹெட்செட்டில் நாம் பேசும்போது நம் குரலே காதில் திரும்பக் கேட்பது பெரும்பாலும் விமானத்தின் உட்பேச்சு அமைப்பான இன்டர்போன் வழியாகத்தான். அது கேட்காவிட்டால் இணைப்பு போய்விட்டது என்று உடனே தெரிந்துவிடும். கம்பியில்லாக் கருவிகள் பலவற்றில் அந்தக் குரலை இடுப்புப் பெட்டியே உருவாக்கித் தருகிறது. ஆகவே விமானத்துடனான இணைப்பு அறுந்த பிறகும் நம் குரல் நமக்கு நன்றாகவே கேட்கும். விமானி பதில் சொல்லாதது, அவர் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசிக்கொண்டிருப்பதாலா, நாம் சொன்னதே அவருக்குப் போகாததாலா என்று பிரித்தறிய வழியில்லை. இணைப்பு போனதும் காதில் எச்சரிக்கை ஒலி தரும் மாதிரியைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒலி வந்தாலும் வராவிட்டாலும், பதில் கிடைக்காதபோது வண்டியை நிறுத்திக் கைச்சைகைக்கு மாறும் பழைய ஒழுங்கை எந்தக் கருவியும் ரத்துசெய்துவிடவில்லை.

அடுத்தது, இணைப்புப் பெட்டியும் இடுப்புப் பெட்டியும் ஜோடி மாறும் சிக்கல். அடுத்தடுத்த நிறுத்துமிடங்களில் இரண்டு குழுக்கள் ஒரே மாதிரிக் கருவிகளைப் பயன்படுத்தி, சார்ஜரில் பெட்டிகள் இடம் மாறிவிட்டால், ஒரு விமானத்தின் அருகில் நின்றுகொண்டு பக்கத்து விமானத்தின் விமானியிடம் பேச நேரலாம். "கிரவுண்ட் டு காக்பிட்" என்று மட்டும் அழைப்பது கம்பிக் காலத்துப் பழக்கம். முதல் அழைப்பிலேயே விமானத்தின் பதிவெண்ணைச் சொல்லி, விமானி அதை உறுதிசெய்த பிறகே பிரேக்கைப் பற்றிப் பேச வேண்டும். பெட்டிகளுக்குப் பெரிய எண்களும் வெவ்வேறு நிறங்களும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை சார்ஜரிலேயே தீர்ந்துவிடும். தயாரிப்பாளர்கள் சிலர் ஏனோ எல்லாப் பெட்டிகளையும் ஒரே நிறத்திலேயே தருகிறார்கள்.

பேட்டரி ஒரு பணிநேரத்திற்குத் தாராளமாகப் போதும். தடித்த கையுறையோடு பேச்சுப் பொத்தானை அழுத்துவது சிரமம். அது இன்னும் பெரிதாக இருக்கலாம். டெக்ட் அலைவரிசை ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையும் அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரையும் ஒதுக்கப்பட்டிருப்பதால், ஒரு பகுதிக்கான கருவியை மற்றப் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்த இயலாது என்பதை வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டும்.

இணைப்புப் பெட்டியை விமானத்திலேயே மறந்துவிடும் வாய்ப்பையும் இதில் சொல்லியாக வேண்டும். கம்பி தலையோடு சேர்ந்தே இருந்ததால் அதை விட்டுவிட்டு நடக்க முடியாது. இந்தப் பெட்டியோ ஜாக்கில் தொங்கியபடியே ஓடுபாதைக்குப் போய்விடக்கூடும். முன் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின்னைக் கழற்றி, அதன் சிவப்பு நாடா தெரியும்படி விமானியிடம் தூக்கிக் காட்டிய பிறகே விமானம் நகரும். இந்தப் பெட்டிக்கும் அதேபோன்ற நாடாவைக் கட்டி, இரண்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டுவதைக் குழுவின் நடைமுறையாக்கிவிட்டால், பெட்டி கையில் இல்லாமல் விமானத்திற்கு விடைகொடுக்க முடியாது.